நான்கு குச்சிகளின் நீளம்

மார்ச் 9

பொடிசுக்கு,

உன் மகள் கல்யாணத்தில் நான் செய்த மூன்றடுக்கு கேக்கைச் சாய்த்தவர் உன் வீட்டுக்காரர். மண்டபத்தில் இருநூறு பேர் பார்க்க, கேக் இருந்த மேசையைப் பிடித்து இழுத்தார். அரை மணி நேரத்தில் மேலே இருந்த இரண்டு அடுக்கும் தரையில் கிடந்தன. தப்பை அவர் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றுவரையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷமாக நான் உன் வீட்டுப் படி ஏறாததற்குக் காரணம் இதுதான், வேறொன்றும் இல்லை. இதை முதலில் எழுதிவிட்டேன். இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

மே பதினொன்றாம் தேதியோடு உங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு இரண்டடுக்கு கேக்கை நீயே செய்து, உச்சியில் பஸ் உருவத்தில் இன்னொரு கேக் வைக்கப் போகிறாயாம்; அதை நான் சொல்லித் தர வேண்டுமாம். முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்தினவளுக்கு இது எதற்கு? கடையில் வாங்கினால் ஆகாதா? அதற்கு நீ காரணம் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்தது தெரியும். உன் அண்ணி வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே எழுதிய பத்தியை அது அடித்துவிடாது.

எனக்குக் கேக் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. துணி வெட்டத் தெரிந்த கை எதையும் வெட்டும் என்று நம்பி இறங்கினேன். ஆகவே எனக்குத் தெரிந்த வார்த்தையில்தான் சொல்வேன். தொலைபேசியில் கேட்காதே. போனில் சொன்னால் நாளைக்கு நான் சொல்லாததையும் சொன்னேன் என்பாய். எழுத்தில் இருந்தால் இருந்தபடியே இருக்கும்.

முதல் பாடம். பஞ்சு மாதிரி மெத்தென்ற கேக் அடுக்குக்கு ஆகாது. பாரம் தாங்காமல் அமுங்கிவிடும். வெண்ணெய் கேக் செய். பத்து அங்குல வட்டத்தில் ஒன்று, ஏழு அங்குலத்தில் ஒன்று, பிரெட் சுடும் நீளத் தகரத்தில் ஒன்று. அந்த நீளமானதுதான் பஸ். சுட்ட அன்றே கத்தியைத் தொடாதே. நன்றாக ஆறவைத்து, சுற்றி மூடி, ஒரு நாள் முழுக்கக் குளிர்பெட்டியில் வை. சூட்டில் வெட்டுகிற கேக் நைந்த துணி மாதிரி, கத்தி போன இடமெல்லாம் பிய்ந்துகொண்டு வரும்.

முதலில் இதைச் செய்து முடி. பிறகு எழுது.

இப்படிக்கு,
தையற்காரன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். "தையற்காரன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எனக்குத் தையற்காரரைத் தெரியாது, அண்ணனைத்தான் தெரியும். இருந்தாலும் அவர் சொன்னபடியே செய்தேன்.

முதல் கேக் நடுவில் குன்று மாதிரி எழும்பி வெடித்துவிட்டது. மகள் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, பஸ் கேட்டா மலையைப் பண்ணி வச்சிருக்கியே, பஸ் எப்படி ஏறும்?" என்றாள். அவளுடைய அப்பா சிரித்தார். வாயின் இடது பக்கம் மட்டும்தான் சிரிக்கும். நான்கு மாதத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். அதனால் அந்தக் கேக் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது பரவாயில்லை.

அவர் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். மூன்றாவது மாடியிலிருந்து பஸ் நிறுத்தம் நேராகத் தெரியும். அவர் ஓட்டிய பதினான்காம் நம்பர் பஸ் தாமதமாக வந்தால் இடது கை விரல்களால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். இப்போது ஓட்டுகிற பையன் பிரேக்கைச் சட்டென்று போடுகிறானாம். அதை அவர் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

ஒன்று சொல்லவேண்டும், சண்டைக்கு அல்ல. அன்றைக்கு அவர் மேசையை இழுத்தது ஒரு சாண் தூரம். பன்னிரண்டு மணி வெயில் ஜன்னல் வழியாக நேராகக் கேக் மேல் விழுந்தது. உருகிவிடுமே என்று நிழலுக்கு நகர்த்தினார். இதை அன்றே சொன்னேன். அன்றைக்கு யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

அடுக்குக்குள் வைக்கிற குச்சிகளைப் பற்றி எழுதுங்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள்,
பொடிசு


மார்ச் 30

பொடிசுக்கு,

ஒரு சாண் என்றாலும் இழுத்தது இழுத்ததுதான். அதை விடு.

உன் அண்ணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நாக்குக்கு எந்தக் குறையும் இல்லை. உன் கடிதத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "தங்கச்சிக்கு எழுதுற கடுதாசில தையற்காரன்னு கையெழுத்தா? அளவு எடுக்க வர்றேன்னு எழுதுங்களேன்" என்கிறாள்.

இரண்டாம் பாடம். கேக்கின் மேற்பக்கத்தைப் பல் வைத்த நீளக் கத்தியால் சமமாகச் சீவு. கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பிறகு பட்டர் கிரீமை மெல்லியதாக ஒரு கை பூசு. தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். நான் இதை லைனிங் என்பேன். லைனிங் இல்லாத கோட்டும் லைனிங் இல்லாத கேக்கும் வெளியே பார்க்கச் சகிக்காது. குளிர்பெட்டியில் அது இறுகிய பிறகு இரண்டாம் பூச்சு.

பஸ்ஸுக்கு முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டு. பக்கவாட்டுக்கு ஒன்று, முன்பக்கத்துக்கு ஒன்று. கேக் மேல் வைத்துக் குண்டூசிக்குப் பதில் பல்குச்சி குத்து. ஊசி உள்ளே தங்கிவிட்டால் யார் வாயிலாவது ஏறும். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவு. துணியை ஒரு தடவை குட்டையாக வெட்டினால் போயிற்று, கேக்கும் அப்படித்தான். சக்கரத்தைத் தனியாகச் செய்து ஒட்டு, குடைந்து வைக்காதே.

மேலே போர்த்துகிற சர்க்கரை மாவை ஃபாண்டன்ட் என்று கடையில் கேள். எனக்கு அது துணி. கை வெதுவெதுப்பில் நன்றாகப் பிசைந்து, விரித்து, மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வா. கீழிருந்து இழுத்தால் மூலையில் கிழியும். மூலையில் மடிப்பு விழுந்தால் பாவாடை மாதிரி விரித்துவிட்டுத் தடவு, மடிப்பு தானே போய்விடும்.

இப்போது குச்சி. ஒவ்வொரு அடுக்கும் தன் அட்டையின் மேல் நிற்க வேண்டும். மேல் அடுக்கின் பாரத்தைக் கீழ் கேக் தாங்கக் கூடாது, குச்சிகள்தான் தாங்க வேண்டும். மேல் அட்டை உட்காரப்போகிற வட்டத்துக்குள் நான்கு இடம் குறி. ஒவ்வொரு இடத்திலும் குச்சியை அடி அட்டை தட்டும்வரை இறக்கு. கேக்கின் மேற்பரப்பு எங்கே வருகிறதோ அங்கே கோடு போடு. எடுத்து வெட்டு. நான்கையும் தனித்தனியாக அள. ஒன்றை அளந்துவிட்டு மற்ற மூன்றையும் அதேபோல் வெட்டுவது சோம்பேறி வேலை. எந்த மனிதனுக்கும் இரண்டு கையும் ஒரே நீளம் இல்லை. இடது கைக்கு எடுத்த அளவில் வலது கையை வெட்டுகிறவன் தையற்காரனே இல்லை. அளவு அந்தந்த இடத்துக்கு அந்தந்த இடத்தில். இது நானாகக் கண்டுபிடித்தது. எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

முதலில் ஒரு ஒத்திகை செய்து பார்.

இப்படிக்கு,
உன் அண்ணன் (உன் அண்ணிக்காக)


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று ஒத்திகை செய்தேன். நீங்கள் எழுதிய காகிதத்தைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டிவைத்து, ஒவ்வொரு வரியாகச் செய்து முடித்ததும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். தபால் ஆபீஸ் பழக்கம், உங்களுக்குத் தெரியும். ஒரு வரியும் விடவில்லை.

காலை பத்து மணிக்குப் பெரிய கேக்கின் மேல் சின்னதை ஏற்றினேன். அழகாக நின்றது. மேசையில் வைத்துவிட்டு, அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, துணி மடித்தேன். இரண்டு மணிக்குப் பார்த்தபோது மேல் அடுக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது. நான்கு மணிக்குக் கீழ் கேக் அந்தப் பக்கம் வாய் பிளந்து, மேலே இருந்தது சறுக்கி மேசை விளிம்பில் போய் நின்றது.

மேசையை யாரும் தொடவில்லை அண்ணா. வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். அவரால் கட்டிலிலிருந்து இறங்க முடியாது.

வழித்து எடுத்துவிட்டுக் குச்சிகளைக் கழுவி வரிசையாக வைத்தேன். நான்கும் நான்கு உயரம். என் அடுப்பில் பின்பக்கம் சூடு அதிகம்; கேக் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் வரும். சீவினாலும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இருக்கிறது. கேக் இறங்கியிருந்த இடத்தில் குச்சியும் குட்டை. ஒரு தீக்குச்சித் தலை அளவு, அவ்வளவுதான். மேல் அட்டை முதலில் உயரமான குச்சிகளில் உட்கார்ந்து, பிறகு குட்டையான பக்கம் சாய்ந்திருக்கிறது.

அந்த நான்கு குச்சிகளையும் எண் போட்டு, நூல் கட்டி, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உங்களிடம் டேப் இருக்கும்.

அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள்,
பொடிசு


ஏப்ரல் 15

பொடிசுக்கு,

குச்சிகள் வந்தன. உன் அடுப்பு கோணல். கோணல் அடுப்பில் சுட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்தவன் மேல் பழி போடாதே. அன்றைக்கு நான் வைத்த கேக், உன் வீட்டுக்காரர் மேசையை இழுக்கும்வரை நூல் பிடித்த மாதிரி நின்றது. இருநூறு பேர் சாட்சி.

அடுப்பைப் பழுது பார்.

தையற்காரன்


ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

இருநூறு பேரை விடுங்கள். ஒரே ஒரு சாட்சி போதும். இதோடு இருக்கிற படம் மகளின் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. கேக் மேல் வெயில் விழுந்திருப்பதைப் பாருங்கள். அப்படியானால் இது அவர் மேசையை நகர்த்துவதற்கு முன்னால் எடுத்தது. இப்போது கேக்குக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி நேராக இருக்கிறது. உச்சி அடுக்கு நேராக இல்லை. ஒன்பது வருஷமாக இந்தப் படம் என் அலமாரியில் இருக்கிறது. எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. நானே ஒரு கேக்கைச் சாய்த்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் நீங்கள் அவரிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவருக்கு ஒரு மேசையை ஓட்டத் தெரியலையா?" மண்டபமே சிரித்தது. அவருடன் வேலை பார்த்தவர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மறுநாளிலிருந்து டெப்போவில் அவருக்கு "மேசை" என்று பெயர். "என்ன மேசை, இன்னைக்கு எந்த ரூட்டு?" என்பார்கள். ஓய்வு பெறுகிற அன்றும் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார். ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியவர் அண்ணா. நின்றுகொண்டு வருகிற பயணிக்குக்கூடக் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு ஏழெட்டு வார்த்தைதான் மிச்சம். தண்ணீர், வலி, மகளின் செல்லப்பெயர், அப்படி. அதில் ஒன்று "மெதுவாத்தான்". முதலில் எனக்குப் புரியவில்லை. மெதுவாகத் திருப்பச் சொல்கிறாரோ, மெதுவாக ஊட்டச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். ஒருநாள் ஆல்பம் பார்க்கும்போது இந்தப் படத்தில் இடது கையை வைத்து, என்னைப் பார்த்து, "மெதுவாத்தான்... மெதுவாத்தான்" என்றார். அப்போது புரிந்தது, மேசையை இழுத்ததைத்தான் சொல்கிறார் என்று. அதற்குப் பிறகுதான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். கேக் எனக்கு வேண்டாம். அன்றைக்கு நடந்ததை உங்களிடம் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பக்கவாதம் இன்னொரு தடவை வரலாம் என்கிறார் டாக்டர். எப்போது என்று அவருக்கும் தெரியாது.

மே பதினொன்றாம் தேதி நான்கு குச்சியையும் ஒரே நீளத்தில் வெட்டித்தான் கேக் செய்வேன். நீங்கள் வரவேண்டும் என்று கேட்க மாட்டேன். கேட்டு, நீங்கள் வராமல் போனால், அதை அவரிடம் சொல்ல ஒன்பதாவது வார்த்தை என்னிடம் இல்லை.

பொடிசு


மே 4

அன்புள்ள பொடிசுக்கு,

உன் மகள் கல்யாணத்தில் கேக்கைச் சாய்த்தவன் நான். பழியை என் மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர் மேல் போட்டவனும் நான்.

பதினைந்து நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் அல்ல. உன் குச்சிகளை அளந்தேன். நீ சொன்னது சரி. அப்படியும் மனது ஒப்பவில்லை. என் அடுப்பில் இரண்டு கேக் சுட்டேன். ஒன்றில் என் முறைப்படி நான்கு குச்சி, இன்னொன்றில் கேக்கின் உயரமான இடத்தில் ஓர் அளவு எடுத்து, நான்கையும் அதே நீளத்தில் வெட்டிய குச்சி. இரண்டின் மேலும் அட்டை வைத்து, ஒவ்வோர் அட்டை மேலும் ஓர் இஸ்திரிப் பெட்டி வைத்தேன். துணி வெட்டுகிற மேசையில் இரண்டையும் வைத்துவிட்டு, உன் அண்ணியைக் காவலுக்கு உட்காரவைத்தேன். யாரும் மேசையைத் தொடவில்லை என்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. பகல் ஒரு மணிக்கு என் முறைப்படி நின்ற இஸ்திரிப் பெட்டி சறுக்கி, ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டையின் மேல் விழுந்தது. உன் அண்ணி எழுந்துகூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சாட்சி வேணும்னீங்களே, நான் பார்த்துட்டேன்" என்றாள்.

மற்றது அசையவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்து நானே ஒரு சாண் இழுத்தேன். பத்துத் தடவை இழுத்தேன். அசையவில்லை.

இத்தோடு நிறுத்தினால் தெரியாமல் செய்த தப்பு என்று ஆகிவிடும். அது உண்மை அல்ல. அந்தக் கல்யாணத்தன்று பத்து மணிக்கே உச்சி அடுக்குக்குக் கீழே ஒரு பக்கம் விரல் நகம் போகிற அளவு சந்து தெரிந்தது. பார்த்தேன். பட்டர் கிரீமைப் பூ மாதிரி வைத்து மூடினேன். தையல் கோணலாகப் போனால் அதன் மேல் லேஸ் வைத்துத் தைக்கிற பழக்கம். இறக்கிப் பார்த்துத் திரும்ப ஏற்ற நேரம் இருந்தது. எல்லார் முன்னாலும் இறக்க மனம் வரவில்லை. பிறகு மாப்பிள்ளை மேசையில் கை வைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று முதல் இன்றுவரை நான் அடுக்கு கேக் ஒன்றுகூடச் செய்யவில்லை. கேட்டவர்களிடம் கை ஒழியவில்லை என்றேன். ஏன் என்று உன் அண்ணி ஒருநாளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீ அவருக்குப் படித்துக் காட்டாதே. அந்த வேலை என்னுடையது. வாயால் சொன்னதை வாயால்தான் திரும்ப எடுக்க வேண்டும். சிரித்தவர்கள் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். அதனால் கீழே உள்ளபடி நடக்கட்டும். இதில் ஒன்றையும் மாற்றாதே. இந்த வயதில் எனக்குப் பிடிவாதம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே.

பத்தாம் தேதிக்குள் மூன்று கேக்கையும் சுட்டு, ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைப்பது: நீ. அடுப்பைப் பழுது பார்க்க வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது.

பஸ்ஸுக்குக் காகித மாதிரி வெட்டுவது: நான். வெட்டிவிட்டேன், இதோடு இருக்கிறது. கதவு எந்தப் பக்கம், கண்ணாடி எத்தனை என்று அவர் ஓட்டின வண்டியின் படத்தைப் பார்த்துச் சரிபார்ப்பது: உன் மகள்.

நிறம் சரியா என்று சொல்வது: மாப்பிள்ளை. அவர் தலையாட்டும்வரை பஸ்ஸுக்குப் போர்வை போடக் கூடாது.

டெப்போவில் இருந்து அன்றைக்குக் கல்யாணத்துக்கு வந்த எட்டுப் பேரையும் தேடிப் பிடித்துக் கூப்பிடுவது: உன் மகள். யாராவது இறந்திருந்தால் அவர் வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும்.

மூன்று மாடியும் என்னோடு ஏறுவது: உன் அண்ணி. முழங்கால் வலிக்கும் என்று சொன்னேன். "உங்களை இறங்கி ஓடாம பார்த்துக்க ஒரு ஆள் வேணும்" என்கிறாள்.

அன்றைக்கு மண்டபத்தில் சொன்னதை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, எடுத்துக்கொள்வது: நான்.

குச்சிகளை ஓர் அளவில் வெட்டுவது: நீ. நான் தொட மாட்டேன்.

கேக்கை அடுக்கி, சக்கரம் வைத்த மேசையில் ஏற்றி, ஜன்னல் வெயிலில் நிறுத்துவது: நீயும் நானும்.

அந்த மேசையை வெயிலிலிருந்து நிழலுக்கு, கட்டில் பக்கமாக, ஒரு சாண் இழுப்பது: மாப்பிள்ளை. இடது கை போதும். யாரும் உதவிக்குப் போகக் கூடாது.

உன் அண்ணன்